ஆரஞ்சு வயர்

அதிகாலை இரண்டு நாற்பது.
ரெஜைனாவில் என் சமையலறை மேஜைதான் இப்போது நீதிமன்றம்.
சமாதான நீதவான் என்பது பதவியின் பெயர்.
சமாதானத்தை நான் கண்ணால் கண்டதில்லை,
அது இல்லாத வீடுகளைத்
தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்.
கம்பளிக் காலுறை, ஆறிய காபி, படிவம், இரண்டு பேனா.

மறுமுனையில் கான்ஸ்டபிள் டர்கோட்,
வடக்கே நானூறு கிலோமீட்டர்,
ஒரு பெட்ரோல் நிலையத்தின் பின்னறை.
"இங்கே மைனஸ் முப்பத்தெட்டு, மேடம்" என்கிறார்,
தன் குற்றம்போல.
பிறகு போனை அவளிடம் தருகிறார்.

மார்லிஸ் வோரோபெட்ஸ். முப்பத்துநான்கு வயது.
உண்மையே சொல்வேன் என்கிறாள்
பற்கள் தந்தியடிக்க.

அடித்தானா?
இந்த மாதம் இல்லை.
ஆயுதம்?
முயல் சுடும் துப்பாக்கி. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான்.
மிரட்டினானா?
ஒரு குளிர்பெட்டி உறுமுகிறது.
வெகுநேரம் அதுமட்டுமே.
பிறகு: "வயரைப் பிடுங்கிவிடுகிறான்."

படிவத்தில் வயருக்குக் கட்டமில்லை.
இந்தச் சமவெளியில் பிறந்த எனக்குத் தெரியும்:
இரவெல்லாம் காரின் மூக்கில் செருகிக் கிடக்கும் வயர்,
என்ஜின் எண்ணெய் மெழுகாகாமல் காக்கிற வயர்.
அது இல்லையேல் விடிந்ததும் கார்
வெறும் இரும்பு.
அடுத்த வீடு ஆறு மைல்.
ஆனால் எனக்குத் தெரிந்தது சாட்சியம் ஆகாது.
என்ன வயர், என்று கேட்டேன்.

நவம்பரிலிருந்து. சண்டை வந்த இரவுகளில்.
கத்துவதில்லை. பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே போவான்,
வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவான்,
கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுத் தூங்குவான்.
"நன்றாகத் தூங்குவான்" என்றாள்.
அந்த 'நன்றாக'வை நான் எழுதவில்லை.
எழுதியிருக்கலாம்.

இன்றைக்கு எப்படி வந்தீர்கள்?
மகனைச் சறுக்குப் பலகையில் வைத்து
நெடுஞ்சாலைவரை இழுத்துக்கொண்டு.
அங்கே பனி வாரும் வண்டி ஒன்று நிறுத்தியது.
மகனுக்கு ஐந்து வயது. காதுநுனி வெளுத்திருக்கிறது.
டர்கோட்டின் தொப்பி அவன் தலையில்.

உடனடி ஆபத்து உண்டா என்பதே சட்டத்தின் கேள்வி.
உடனடி என்றால் ஓங்கிய கையா?
இந்தக் குளிரில் கை எதற்கு.
வானத்தையே வேலைக்கு வைத்திருக்கிறான்.

மூன்று பதினைந்துக்கு உத்தரவைச் சொன்னேன்,
டர்கோட் கையால் எழுதிக்கொண்டார்.
வீடு அவளுக்கும் பிள்ளைக்கும்.
அவன் வெளியேற வேண்டும், இன்றே.
துப்பாக்கி போலீஸ் வசம்.
பேசக் கூடாது, எழுதக் கூடாது,
ஆள்விட்டுச் சொல்லியனுப்பவும் கூடாது.
துணி, மருந்து, தொழிற்கருவிகள் எடுத்துக்கொள்ளலாம்,
பக்கத்தில் ஓர் அதிகாரி நிற்க.
திரும்ப வாசிக்கச் சொன்னேன்.
'வெளியேற' என்ற சொல் விட்டுப்போயிருந்தது. சேர்த்தார்.

அவன் கையில் சேரும்வரை
அது சும்மா காகிதம்.
விழித்திருந்தேன். பாத்திரம் தேய்த்தேன்.

ஐந்து இருபதுக்கு மணி அடித்தது.
"கொடுத்தாயிற்று மேடம். சத்தமே இல்லை.
எனக்கு டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டான்."
அப்புறம் என்ன?
"வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.
என் காசில் வாங்கியது, பில் இருக்கிறது என்கிறான்.
இது தொழிற்கருவியா?"

சட்டப் புத்தகம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
எழுதுங்கள், என்றேன்:
ஆரஞ்சு வயர் வீட்டோடு இருக்கும்.

மூன்று நாளுக்குள் மேல்நீதிமன்றத்தில் ஒருவர்
இதைப் படித்து உறுதிசெய்ய வேண்டும்.
சூடான அறை. கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.
கடைசி வரியில் நிற்பார்.
டொராண்டோவில் வளர்ந்தவர் என்று கேள்வி.
ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன்:
ஐயா, முதலில்
அன்றைய குளிர் எவ்வளவு என்று பார்க்கவும்.