எட்டாம் மாதமளவில்

வாசற் காவலாளி கேட்டார்:
"மகளை விட வந்தனீங்களோ?"
அடையாள அட்டையை நீட்டினேன்.
முதலாம் வருடம். வயது நாற்பத்தேழு.
சைக்கிளை எங்கே விடுவதென்று
கையால் காட்டினார், சிரிக்காமல்.

பகிடிவதைக்கு நின்ற பெடியன் ஒருத்தன்
என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போனான்.
கோண்டாவில் முன்பள்ளியில்
அவனுக்கு நான் மூக்குத் துடைத்திருக்கிறேன்.

பத்தொன்பது வருடம்
குட்டிக் கதிரைகளுக்குப் பழகிய முழங்கால்
விரிவுரை மண்டபத்தில்
எவ்வளவு மடிவதென்று தெரியாமல் தடுமாறுகிறது.

விரிவுரையாளருக்கு என் வயதில் பாதி.
ரப்பர் வாத்தைத் துணியால் மூடிக் காட்டுகிறா.
"மறைந்த பொருள் இல்லாமற் போகவில்லை.
எட்டாம் மாதமளவில் குழந்தை இதை அறிகிறது."
எல்லாரும் எழுதுகிறார்கள்.
நானும் எழுதினேன், "மறைந்த" வரைக்கும்.

வருடா வருடம்
விதானையார் படிவத்தோடு வருவார்.
வீட்டில் எத்தனை பேர்?
அம்மா அண்ணாவையும் சேர்த்துத்தான் சொல்லுவா.
விதானையார் என்னைப் பார்ப்பார்,
நான் அவருடைய பேனையைப் பார்ப்பேன்.
அம்மாவுக்கு விசர் என்று
ஒருநாள் வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்,
குசினியில், அவவுக்குக் கேட்கிற மாதிரி.

துணியை எடுக்கிறா. வாத்து இருக்கிறது.
பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், பகிடிக்கு.

ஒப்படை வெள்ளிக்கிழமைக்குள்.
"உங்கள் அனுபவத்திலிருந்து
உதாரணம் ஒன்றுடன் விளக்குக."

நான் வாத்தைத்தான் எழுதுவேன்.