எரோணிமூஸின் கயிறு

வைகாசி முடிய இரண்டு வாரம்.
விசைப்படகுகள் தடைக்காலத்துக்கு முன்
கடைசி ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தன.
எங்கள் ஃபைபர் வள்ளத்துக்குத் தடையில்லை.
ஒன்பதரைக் குதிரை எஞ்சினுக்கு
அரசாங்கம் பயப்படுவதில்லை.

மூன்றரைக்குக் கடியபட்டணத்தில் இறங்கினோம்
நானும் மச்சினன் பனிதாசனும்.
முட்டத்து வெளிச்சவீடு சுற்றிச் சுற்றி வந்து
இரண்டு பேர், இரண்டு பேர் என்று
எங்கள் முதுகை எண்ணியது.

கரையிலிருந்து பார்த்தால் தீவு,
குளிக்க இறங்கி
ஏறுவதற்கு மறந்துபோன எருமை.
பக்கத்தில் போனால் எருமை இல்லை.
கடற்காக்கை எச்சம்,
கல்லிறால் ஒளியும் பிளவு,
அலையை விழுங்கித் துப்பும் ஒரு கறுப்பு வாய்.

தென்புறம் பதினோரு பாகம் ஆழம்.
சாளையைக் குறுக்கே கீறிக் கோத்து
தங்கூசியை இறக்கினேன்.
ஈயம் தரை தட்டுவது விரலுக்குத் தெரியும்:
மணல் என்றால் மெத்தென்று,
பார் என்றால் சோற்றில் கல் கடித்ததுபோல.

பாரைக்கும் பாறைக்கும் ஓர் எழுத்துத்தான்.
அந்த ஓர் எழுத்துக்கு
நாலாம் வகுப்பில் அடி வாங்கியிருக்கிறேன்.
இங்கே
முதல் இழுப்பில் இரண்டும் ஒன்றுதான்.
இரண்டாவது இழுப்பில்
ஒன்று கோபப்படும்.

வெயில் ஏறும்போது
பாரை மூன்று, களவா ஒன்று.
களவாவின் வாய்க்குள்ளிருந்து குடல் பிதுங்கியிருந்தது.
ஆழம் அதற்குச் சட்டை, கழற்றிவிட்டோம்.

காற்று பொட்டு அசையவில்லை.
தண்ணீர் எண்ணெய்.
அப்போதுதான் வள்ளம் சத்தமில்லாமல் உயர்ந்தது,
தூங்குகிறவனைப் பாயோடு தூக்குவதுபோல.
"கள்ளக்கடல் மக்கா" என்றான் பனிதாசன்.
எங்கோ தெற்கே, எப்போதோ அடித்த காற்று
இன்றைக்கு வந்து சேர்கிறது.
இரண்டாவது தூக்கலில்
நங்கூரக் கயிறு பாரில் அறுந்தது.
பாறை முப்பது அடி.
எஞ்சின் இருமியது.
பனிதாசன் பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.
இருமியது.
இருபது அடி.
நான் துடுப்பை எடுத்தேன்,
எருமையைத் துடுப்பால் தள்ளிவிடலாம் என்பதுபோல.

மேற்கிலிருந்து வளைந்து வந்தது நீல வள்ளம்.
எரோணிமூஸ்.
ஏழு வருடமாகப் பேச்சில்லை.
ஒன்றரைச் சாண் மதில்,
இரணியல் கோர்ட்டில் பதினாலு வாய்தா.
பூசையில் சமாதானம் சொல்லச் சொன்னால்
அவர் தூணைப் பார்ப்பார்,
நான் மின்விசிறியைப் பார்ப்பேன்.

அலையின் முதுகில் ஏறி நின்று
கயிற்றை எறிந்தார்.
அது என் முகத்தில் அடித்தது.
வேண்டுமென்றா என்று
இன்றுவரை தெரியாது.

கட்டினேன். இழுத்தார்.
எருமை சிறுத்து, எருமையாகவே ஆனது.
விடு என்று கையைக் காட்டினார்.
நனைந்த முடிச்சு, விடவில்லை.
நகத்தால், பல்லால்.
அவர் கத்தியை எடுத்துத் தன் பக்கம் அறுத்துவிட்டு
வள்ளத்தைத் திருப்பினார்,
பாதியில் விட்ட தூண்டிலுக்கு.
ஒரு வார்த்தை இல்லை.
எனக்கும் வரவில்லை.
நெற்றி எரிந்தது.

பதினொன்றுக்குக் கரையில் ஏலம்.
அவருடைய மீனும் என்னுடையதும்
ஒரே தார்ப்பாயில் கிடந்தன.
ஏலக்காரி பிளாரன்சி கேட்டாள்,
"நெத்தியில என்னவே?"
"கயிறு" என்றேன்.
களவா ஆயிரத்து எழுநூறுக்குப் போனது.

எட்டுப் பாகம், பச்சைக் கயிறு.
உப்புப் போகக் கழுவி
மதில்மேல் காயப்போட்டேன்.
வேறெங்கே போடுவது?
அவர் எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.
எடுக்கவில்லை.
எடுத்தால் மதில்மேல் கைவைத்ததாக ஆகும்.
நான் எடுத்தால்
எதிராளி பொருள் என் வசம் இருப்பதாக ஆகும்.
வக்கீலிடம் கேட்டேன்.
"தொடாதீங்க" என்றார்.

ஆனி வந்தது, மழை வந்தது.
கயிறு அங்கேயே நனைகிறது, காய்கிறது.
ஒரு நுனி அவர் கத்தி அறுத்தது.
மறு நுனியில், இன்னும் அவிழாமல்
என் முடிச்சு.