நடுவில் ஒரு கோடு

எழும்பூரில் மழை விட்டும் கூரை விடவில்லை.
மைக்ராஸ்கோப்பை இரண்டு சாண் நகர்த்திக்கொண்டேன்.

3164. ஆரவல்லி, ஐம்பத்தொன்பது.
இடது சினைப்பை, தேங்காயளவு.
முதல் ஸ்கேனில் எழுதியிருந்தது: ஃபைப்ராய்டு?
அந்தக் கேள்விக்குறி மட்டும்தான் சரி.

ஊதா, இளஞ்சிவப்பு.
நாற்பது மடங்கில் ஒவ்வொரு கருவிலும்
நெடுக ஒரு கோடு,
காப்பிக்கொட்டைக்கு நடுவில் ஓடுமே, அது.
பதினாறு வருஷத்தில் ஐந்து முறை பார்த்திருக்கிறேன்.
டம்ளரில் காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.
குடிக்கத் தோன்றவில்லை.

கண் சொன்னால் போதாது, சாயமும் சொல்ல வேண்டும்.
இன்ஹிபின் தீர்ந்து பதினோரு நாள்.
ஸ்டோருக்கும் டீன் அறைக்கும் நடந்த நடையில்
எபினேசருக்குச் செருப்பு வார் அறுந்தது.
வந்த பாட்டில் சுண்டுவிரல் உயரம்.
பழுப்பு பற்றிக்கொண்டது, தகடு முழுக்க.

சந்தோஷப்பட்டேன்.
இதை எந்த வார்டிலும் போய்ச் சொல்ல முடியாது.

எங்களிடம் ஆட்கள் வருவதில்லை, துண்டுகள்தான் வரும்.
அவர் வந்தார்.
வியாசர்பாடியிலிருந்து, தையல் பிரித்த மறுவாரம்.
பேர் கேட்டதற்கு, உனக்குப் புரியாது என்றார்களாம்.

"நின்னு ஒம்போது வருசம். திரும்ப வந்துச்சு.
மெடிக்கல்ல, மருமவளுக்குன்னு சொல்லி வாங்குவேன்.
எனக்கு ஏதும்மா மருமவ?
தோலு வேற பளபளன்னு ஆச்சு.
கண்ணாடில ரெண்டு வாட்டி பாத்தேன், நல்லாத்தான இருக்கோம்னு."

நான் பேசாமலிருந்தேன்.

"அதுவா பண்ணுச்சு?"
"ஆமாம்மா. ஹார்மோன் சுரக்கிற கட்டி."

கொஞ்சம் சிரித்தார். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

தமிழில் எழுதித் தரச் சொன்னார்.
கிரானுலோசா.
எழுத்துக்கூட்டினார்.
"பொம்பளப் பேரு மாரி இருக்கே"
என்று மடித்துப் போன் உறைக்குள் செருகினார்,
ரேஷன் கார்டுக்குப் பின்னால்.

"திரும்ப வருமா?"
"சில பேருக்கு. இருபது வருஷம் கழிச்சும்.
செக்கப்பை விடாதீங்க."
"அப்ப நீ இங்க இருப்பியா?"

எனக்கு இன்னும் ஒன்பது வருஷ சர்வீஸ்.
பிளாக் இருக்கும் என்றேன்.
மெழுகுக்குள்ள உங்க துண்டு, மேல உங்க நம்பர்,
அதோ, அந்த அலமாரியில்.

அண்ணாந்து பார்த்தார்.
அதற்கு நேர் மேலேதான் ஒழுகுகிறது.