ஃபொண்ட் பிரச்சினை

திருமலை வீதியில் எங்கள் கடை.
தரைக்கு டைல், குளியலறைக்குப் பீங்கான்,
சுவர் நிறைய விற்பனைக்குத் தொங்கும் கண்ணாடிகள்.
உள்ளே வருகிற எவரும்
விலை கேட்க முதல் தலைமயிரைச் சரிசெய்வார்கள்.

ஐந்து கொம்பியூட்டர், ஒரு சுவிட்ச், ஒரு பிரின்டர்.
வயர் இழுத்தவன் நான்.
பாஸ்வேர்ட் மறந்தால் வருவதும் என்னிடம்தான்.
ஒரு ஞாயிறு, கடை பூட்டியிருக்க,
தேவதாசன் முதலாளி என்னை மட்டும் கூப்பிட்டார்.
"ஆரும் அறியப்படா தம்பி.
எண்ட சாமான், எண்ட கரண்ட், எண்ட நேரம்.
நான் பார்த்தா என்ன பிழை?"
பிழை என்று சொல்ல வாய் வந்திருக்கலாம்.
மகளின் மொண்டிசோரிக் காசு முந்திக்கொண்டது.

பத்து நிமிசத்துக்கு ஒரு படம்.
அமுக்கிய விசைகள் எல்லாம் ஒரு பட்டியலில்.
அழித்ததும் விழும்,
அழித்தது என்ற குறிப்போடு விழும்.

முதல் கிழமை நித்திரை பிந்தியது.
பொய் சொல்வானேன், ருசியாகத்தான் இருந்தது.
காத்தான்குடி பஸ்மியா, பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே
வெள்ளைச் சப்பாத்து ஒன்றைப் பதினாறு தரம் திறந்து பார்த்தாள்,
வாங்கவில்லை.
சுகிர்தமலர் அக்கா கொம்பியூட்டரோடு சீட்டாடுகிறா,
அதுவும் தோற்கிறா.
இருதயபுரத்து டிலக்சன், ஸ்டோர்ஸ் மெஷினில்,
கட்டாரில் வெயில் எத்தனை பாகை என்று தேடியிருந்தான்.
மறுநாள் தேத்தண்ணி நேரம்
அவர்கள் சிரிக்க
நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.

சின்ன வயதில் ஒருநாள்
ஊரையே மைதானத்தில் இருத்தினார்கள்.
ஜீப்புக்குள் சாக்குப் போட்ட ஒரு தலை.
ஆட்டினால் போச்சு. ஆட்டாவிட்டால் வீடு.
பிறகு அந்த ஆளை ஊரே திட்டியது.
அந்த இரண்டு ஓட்டைக்குள் இருந்து பார்க்க
எப்படி இருந்திருக்கும் என்று
எவரும் கேட்டதாய் ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை றிப்போர்ட்.
முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கி
ஒரு வரியில் விரலை வைத்தார்.

mk;kh

"மூண்டாம் மெஷினில இது நாலு தரம்.
என்ன இது? கள்ளக் கணக்கா?"

நான் பாமினியில் தட்டிப் பழகியவன்.
ஆங்கில எழுத்தாய்க் குழம்பிக் கிடந்தாலும்
கண் தானாகத் தமிழில் வாசித்துவிடும்.
அம்மா.
அம்மாவைத் திங்கள் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்
கூட்டிப்போக அரைநாள் லீவு.
எழுதியிருந்தான், அழித்திருந்தான்.
மறுகா எழுதி, 'தயவுசெய்து' சேர்த்து,
அதையும் அழித்திருந்தான்.
நாலாம் தரம் கிளினிக் வரைக்கும் வந்து நின்றுவிட்டு
அடுத்த வரியில்
கொமோட் வெள்ளை பன்னிரண்டு, கிறீம் ஏழு.

முதலாளி காத்திருந்தார்.
சுற்றிலும் கண்ணாடி.
எந்தப் பக்கம் கிறுகினாலும் என் கழுத்து.

"ஃபொண்ட் பிரச்சினை சேர்.
குப்பையாத்தான் விழும்."
"அப்ப அதச் சரிப்படுத்து."
"ஓம் சேர்."

திங்கள் எட்டு மணிக்கே டிலக்சன் வந்துவிட்டான்.
சீமெந்துத் தூசி படிந்த கையோடு
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
அம்மாவுக்கு எப்படி என்று கேட்க
நாக்கு நுனிவரை வந்தது.
கேட்டால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பான்.
"வெக்கை என்ன?" என்றேன்.
"ஓம் அண்ணன், வெக்கைதான்" என்றான்.

அன்று பின்னேரம் பட்டியலில்,
ஐந்து ஐம்பத்திரண்டுக்கு,
மூன்றாம் மெஷினில்
ஒரே ஒரு சொல்.

ed;wp

நன்றி.
பில்லின் அடியில் வழமையாய்ப் போடுகிறதுதான்.
ஆனால் கடைசி பில் ஐந்து மணிக்கே முடிந்திருந்தது,
அதுவும் பஸ்மியாவின் மெஷினில்.
ஆருக்கு எழுதினான்?
பழக்கத்தில் விரல் போட்டதோ?

அவன் அதை அழிக்கவில்லை.
றிப்போர்ட் போக முதல்
நான் அழித்தேன்.