வலது காதின் தீர்ப்புகள்

என் அபிப்பிராயங்களை நம்ப வேண்டாம்.
துர்க்கு கப்பல் தளத்தில் பதினெட்டு வருடம்
இரும்புக்குள் குந்தி இரும்பைத் தட்டியதில்
இடது காது கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டது.
மிச்சம் வலது.
அது கறார்.

வீட்டுச் சுவர் அப்பளம் மாதிரி,
அதனால் ஹெட்ஃபோன்தான் கதி.
இடப்பக்கம் வருவதெல்லாம்
வராதவர் கணக்கில் எழுதப்படும்.

‘பனிக்கடியில் குதிரைகள்’,
ஊரே தலையில் வைத்துக்கொண்டாடிய மெட்டல் ஆல்பம்.
நான் கேட்டவரை அதில் கிட்டாரே கிடையாது.
ஒருவன் நாற்பத்தொரு நிமிடம்
பல்வலியில் கத்துகிறான்,
பின்னால் யாரோ பீப்பாய் உருட்டுகிறார்கள்.
பத்துக்கு மூன்று.
டார்மோ இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை.
பீப்பாய் அவன் மருமகன்.

டாங்கோவில் மட்டும் நான் முழு ஆள்.
பழைய டாங்கோ ஒற்றைத் தடத்தில் பதிந்தது,
பந்தியில் எனக்கும் சம பங்கு.
ஹில்க்கா ரௌஹலாவின் ‘ஆகஸ்ட் படகு’:
அழுகையை மூக்குவரை கூட்டிவந்து
அங்கேயே நிற்கவைக்கும் குரல்.
அந்த நாகரிகத்துக்கு ஒன்பது.
மீதி ஒன்று,
கடைசிப் பாட்டில் ஒரு வயலின்காரனை
உள்ளே விட்டதற்காகப் பிடித்தம்.

ஜாஸில் கொள்கை எளிது.
ட்ரம்பெட் வலப்பக்கம் நின்றால் பக்தன்,
இடம் மாறினால் நாத்திகன்.

மாடியில் குடியிருக்கும் ஏமெலி
எலக்ட்ரானிக் என்று ஒன்றைத் தந்தான்.
ஃப்ரிட்ஜ் இதை இலவசமாகப் பாடுமே தம்பி என்றேன்.
அன்றிரவு நாலு மணிக்குத்
தண்ணீர் குடிக்கப் போனவன்
ஃப்ரிட்ஜின் மேல் காதை வைத்து
ஒப்பிட்டுப் பார்த்தேன்.
ஃப்ரிட்ஜ் தோற்றது.
ஆறரை. அவனிடம் சொல்லவில்லை.

கோயில் கொயர் நேரில்தான் நல்லது.
வலது காதைப் பாடகர்களுக்குக் கொடுத்துப்
பக்கவாட்டில் உட்காருவேன்.
என்ன மனஸ்தாபம் என்று
பாதிரியார் இருமுறை கேட்டுவிட்டார்.

பத்துக்குப் பத்து ஒரே ஒன்றுக்குத்தான்:
‘கலங்கரை வீட்டுக் காலை’.
ஒரு பெண், ஒரு கான்டெலே, அவ்வளவே.
ஒரு வரி பாடுவாள்.
பிறகு நீண்ட மௌனம்.
இன்னொரு வரி.
தனிமையை இதைவிட யோக்கியமாக
யாரும் பதிவு செய்ததில்லை என்று
காப்பி இடைவேளையில் எல்லோர் கழுத்தையும் அறுத்தவன் நான்.
மனைவி போன குளிர்காலத்தில்
அந்த மௌனங்களில்தான் குடியிருந்தேன்.
எது எத்தனை மூச்சு என்றுகூடத் தெரியும்.

நவம்பரில் ரைலா வந்தாள்,
கிரேன் ஓட்டுபவள்,
ஏலக்காய் ரொட்டியோடு.
எந்த மௌனம், என்றாள்.
இதோ இப்போது வரும், என்றேன்.
ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டாள்.
ஒன்றும் சொல்லாமல்
அதைத் திருப்பி,
இடத்தை வலமாக்கி,
என் தலையில் மாட்டினாள்.

இன்னொருத்தி இருந்தாள்.

முதல் வரியிலிருந்தே இருந்தாள்.
கொஞ்சம் கனத்த குரல், அவசரமே இல்லை.
நான் குடியிருந்த ஒவ்வொரு மௌனத்திலும்
அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்,
பதினோரு வருடமாக,
என் தலையிலேயே,
பூட்டிய கடை வாசலில் நின்று.

இப்போது எத்தனை, என்றாள் ரைலா
வாயில் ரொட்டியோடு.
முன்னால் நன்றாக இருந்தது, என்றேன்.
பொய்யா தெரியவில்லை.
ஆட்டம் கண்ட மேசைக்குத் துண்டுச் சீட்டு செருகுவதுபோல
ஏதாவது ஒரு எண் வைக்கத் தேடினேன்.
கிடைக்கவில்லை.
அந்த ஒன்று மட்டும் என் நோட்டில் காலியாக இருக்கிறது.

அவள் போனபின் எல்லாவற்றையும்
திருப்பிப் போட்டுக் கேட்டேன், விடியும்வரை.
மெட்டலில் கிட்டார் இருக்கத்தான் செய்கிறது, டார்மோ.
ஒப்புக்கொள்கிறேன்.
மூன்று மூன்றுதான்.