எடைமேடை

யேனா நகரத்துப் பிப்ரவரி.
ஆய்வகத்தின் அடித்தளத்தில் சன்னல் கிடையாது;
லேசரைக் குளிர்விக்கும் விசிறியின் இரைச்சல்தான்
எங்களுக்கு இரவு.

வீப்கே கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்தாள்.
சுண்டுவிரல் நீளம். உள்ளே
கண்ணுக்குத் தெரியாத நாற்பது அலைநடத்திகள்
தறியின் பாவு நூல்போல அருகருகே.
"ஆறு மணி நேரம் மெருகேற்றியிருக்கிறேன் தெசிஸ்லாவா,
நேற்றைய துண்டுபோல எரித்துவிடாதே."

கடைசி நடத்தியில் ஒளியை நுழைத்தேன்.
இந்தப் பக்கம் கோடு கீறிய கண்ணாடி,
அந்தப் பக்கம் கீறாத கண்ணாடி;
ஒளிக்கு அவை வேறு வேறு நாடு.

குறைந்த திறனில் அது நிற்கவில்லை.
விளிம்பே பிடித்துத் தள்ளியதுபோல
அடுத்ததற்குக் கசிந்து, அதற்கடுத்ததற்குக் கசிந்து
உள்ளே உள்ளே போய்
திரையில் இருபது மங்கல் பொட்டு.

ருசேயில், டான்யூப் பாலத்தருகே,
அப்பா லாரிகளை எடைபோட்டார்.
காலி வண்டிகளின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.
நாற்பது டன்னைத் தாண்டினால்தான்
தடுப்புக்கட்டை இறங்கும்.
அந்த ஓட்டுநர்கள் அங்கேயே தேநீர் கொதிக்கவைத்தார்கள்,
பக்கக் கண்ணாடியில் சட்டையைக் காயப்போட்டார்கள்,
எந்த நாட்டிலும் இல்லாமல்
இரண்டு நாள் குடியிருந்தார்கள்.

திறனைக் கூட்டினேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம். வீப்கே மூச்சை அடக்கியது கேட்டது.
இன்னும் அரைக்கால் திருகு.

பொட்டுகள் ஒவ்வொன்றாய் அவிந்தன.
போன ஒளியெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கியது.
தன் செறிவாலேயே கண்ணாடியில்
தனக்கொரு குழி பறித்து
அதில் குந்திக்கொண்டது:
உடம்பு இங்கே, வாலின் நுனி மட்டும் அங்கே.

மேற்பரப்பு சொலிட்டான் என்று குறிக்க வேண்டும்.
மூன்று பன்னிரண்டு, நிற்கிறது
என்று மட்டும் ஏட்டில் எழுதினேன்.

"அணைத்தால் அந்தக் குழி?"
"இருக்காது. ஒளி போன கணமே
கண்ணாடி மறந்துவிடும்."
"அப்போ என் மெருகு பத்திரம்" என்று
கோட்டை மாட்டிக்கொண்டு போனாள் வீப்கே.
கையில் திருகோடு நான் வெகுநேரம் நின்றேன்.
பிறகு அணைத்தேன்.

விடிந்ததும் அப்பாவை அழைத்துச் சொன்னேன்,
ஓர் எல்லையில் ஒளி நின்றதென்று.
"எத்தனை டன்?" என்றார்.
கொசுவின் இறகைக்கூட அசைக்காது, அப்பா.
சற்று நேரம் பேச்சில்லை.
"அதுக்குமா
கட்டையை இறக்கினீர்கள்?"