கதவு சாத்தியவன்

முன்சீட்டு அவனுடையது.
கால் நீட்ட இடம் வேண்டும் என்பான்,
காலைவிட டிராம்போனுக்கு.
பெயர் லெமுயல் ஹாஸ்கின்ஸ். ஊர் செடேலியா பக்கம்.
கை கொஞ்சம் குட்டை. ஏழாம் நிலைக்கு எட்டாது.
தோளைச் சாய்த்து, ஒரு கால் தூக்கி,
ஓடும் ரயிலில் தொற்றுகிறவன் மாதிரி
கடைசி அங்குலத்தைப் பிடிப்பான்.

பஸ் ஓட்டினது நான். ஒமாஹாவில் பிறந்த போலந்து வம்சம்.
கறுப்பர் பதினான்கு பேர், அப்புறம் நான்.
சாப்பாட்டுக் கடைகளில் என் தோலுக்கு மட்டும் கதவு திறக்கும்.
பதினைந்து ரொட்டி, பதினைந்து காபி என்பேன்.
கடைக்காரி என் வயிற்றைப் பார்ப்பாள்.

முப்பத்தெட்டு பிப்ரவரி. லிங்கனில் நடனம் முடிந்து
இரவு இரண்டு மணி, பனி.
பெட்டி அடகில் இருந்தது, வாத்தியம் துணிப்பையில்.
யாரோ "போகலாம்" என்றார்கள்.
நெம்புகோலை இழுத்தேன்.
அவன் ஏறிவிட்டான், பை ஏறவில்லை.
பெரிய சத்தமில்லை.
யாரோ ஐஸைக் கடித்த மாதிரி.

பையைத் திறந்து பார்த்தான். மூடினான்.
டோபீகா வரும்வரை பேசவில்லை.
அங்கே ரேடியேட்டர் கடைக்காரன் ஒருவன்
தட்டித் தட்டி நேராக்கினான்,
கிட்டத்தட்ட.

அந்தக் கிட்டத்தட்டதான் மிச்சமெல்லாம்.
நான்காம் நிலை தாண்டியதும் குழல் ஒரு கணம் திக்கும்.
அந்த இடத்தில் மூச்சைப் பிடித்து நிற்பான்,
கடன் கேட்க வந்தவன் வாசலில் நிற்பதுபோல்.
பிறகுதான் உள்ளே வருவான்.
ஆடுகிறவர்கள் தூக்கிய காலைத் தூக்கியபடி
காத்திருப்பார்கள்.

சிகாகோவில் இசைத்தட்டு போட்டார்கள்.
அவனுக்குப் பன்னிரண்டு விநாடி. பெயர் போடவில்லை.
பத்திரிகையில் ஒருவர் எழுதினார்:
யாரோ இந்த டிராம்போன்காரர், தயங்கத் தெரிந்தவர்.
பஸ்ஸில் அதை உரக்கப் படித்துச் சிரித்தார்கள்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
நான் சாலையைப் பார்த்தேன்.

காசு வந்தபோதும் புதுசு வாங்கவில்லை.
ஏன் என்று கேட்கிற உரிமை
எல்லோருக்கும் இருந்தது, எனக்குத் தவிர.

யுத்தம் வந்தது. டயருக்கு ரேஷன்.
பஸ்ஸை ஒரு கோழிப்பண்ணைக்காரன் வாங்கினான்.

டெட்ராய்ட்டில் லிஃப்ட் இயக்குகிறான் என்று
பதினோரு வருடம் கழித்துக் கேள்விப்பட்டுப் போனேன்.
சீருடை, பித்தளைப் பொத்தான்கள்.
இரும்புக் கதவை இழுக்குமுன்
வெளியே தலை நீட்டி இடமும் வலமும் பார்த்தான்,
யாருடைய எதுவும் இடுக்கில் இல்லையென்று.

"எந்த மாடி?"
மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன்.
ஆறு என்றேன்.

ஆறைத் தாண்டி அரையடி மேலே நிறுத்தினான்.
கொஞ்சம் பொறுத்தான்.
பிறகு மெதுவாக இறக்கிச்
சமமாக்கினான்.